நடக்கக் கூடாத காம்பரா

ஏறக்குறைய மூன்று வயது வரை நான் தவழ்ந்தவன். நடக்கத் தெரியாமல் அல்ல. நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுவேன், தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டுவேன், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு படியெல்லாம் இறங்குவேன். பிள்ளைக்காம்பராவின் வாசற்படியைக் கண்டதும் நாலு காலாகிவிடுவேன். அதற்குக் காரணமானவள் வடிவம்மா. அவள் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நல்லவிதமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தோட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டுப் பொழுது சாய வாங்கிக்கொண்டு போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, மேகம் வந்து உட்கார்ந்துகொள்கிற மலையில் இருந்தது. ஜெர்மன் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்திதான் அங்கே காம்பரா வந்தது. அதற்கு முன் அது உரம் போட்டுவைக்கிற கொட்டில். புண்ணாக்கு மூட்டைகளை வெளியே தள்ளி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளை உள்ளே தள்ளினார்கள். மழை நாளில் பழைய மூட்டைகளின் வாடை சுவரிலிருந்து கிளம்பும். தேயிலைக்கு உரம் வேண்டும், நாளைக்குக் கூலி வேலை செய்யப் பிள்ளை வேண்டும். இரண்டையும் ஒரே கொட்டிலில் வைத்துக்கொள்வதில் கம்பெனிக்கு என்ன கஷ்டம்?

வடிவம்மா துறையூர்ப் பக்கத்துக்காரி. கலியாணமான கையோடு புருஷனுடன் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலை ஏறி வந்தவள். அதுதான் அவள் கடைசியாக நடந்த நடை என்று, காம்பராவில் கஞ்சி காய்ச்சுகிற பெரியாயி சொல்லுவாள். புருஷன் சில்லறைக் கங்காணி. அவனுக்குக் கீழே இருந்த ஆட்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். ஆனாலும் வடிவம்மா தன்னைக் கங்காணியம்மா என்றுதான் கூப்பிடச் சொல்லுவாள். கொழுந்தெடுக்கப் போனால் அவள் கூடை நிறைந்ததாகச் சரித்திரம் இல்லை. விரல் வலிக்கும், இடுப்பு பிடிக்கும், அட்டை கடிக்கும். வாய் மட்டும் ஒரு நாளும் வலித்ததில்லை.

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, இவளை என்ன செய்வதென்று பெரிய கங்காணிக்குத் தெரியவில்லை. கொழுந்தும் ஆகாது, புல்லு வெட்டும் ஆகாது, ஊருக்குத் திருப்பி அனுப்பவும் ஆகாது. அந்த நேரத்தில்தான் காம்பராவுக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்று துரை கேட்டார். மூணு பிள்ளை பெத்து வளர்த்தவள் என்று சொல்லி இவளை அங்கே உட்காரவைத்தார்கள். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அவள் வளர்த்த மூன்று மகன்களும் மீசை முளைத்த கையோடு மொனராகலைக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டார்கள். அதைவிடத் தூரத்தில் வேலை கிடைத்திருந்தால் அங்கேயும் போயிருப்பார்கள்.

காம்பராவில் வடிவம்மாவின் வேலை உட்காருவது. ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இடுப்பில் அரிசிப் பெட்டியின் சாவி. பிள்ளை அழுதால் தூளியை ஆட்டுவது, கழுவிவிடுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் பெரியாயி. பெரியாயிக்கு ஒரு கண் பூ விழுந்திருந்தது. மீதிக் கண்ணால் அவள் பார்த்ததைத்தான் பின்னாளில் என் அம்மாவுக்குச் சொன்னாள், அம்மா எனக்குச் சொன்னாள். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும், வடிவம்மா எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. அடிப்பதற்கு எழுந்திருக்க வேண்டுமே.

பிறகு சட்டம் வந்தது. தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்திராத யாரோ சீமையில் உட்கார்ந்து, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை ஒரு பலகையில் இங்கிலீஷில் எழுதிக் காம்பரா சுவரில் அடித்தார்கள். அந்தப் பக்கத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் துரையும் கிளாக்கரும்தான். அவர்களுக்கு அங்கே பிள்ளை இல்லை. கிளாக்கர் சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்து மனிதர், படித்தவர், அதைத் தமிழில் செய்து தருமாறு துரை கேட்டதும் உச்சி குளிர்ந்துபோனார். ஒரு வயதுக்கு உட்பட்டது பச்சிளங்குழவி என்றும், நடக்கத் தொடங்கியது தளர்நடைச் சிறார் என்றும் எழுதிக் கொண்டுவந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து வாசித்தார். தளர்நடை என்பது தண்ணீரால் வருகிற நோயா, காற்றால் வருகிற நோயா என்று பெண்கள் கேட்டார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கடைசியில் ஜனங்கள் வாயில் நின்றது கைப்பிள்ளை, நடைப்பிள்ளை என்ற இரண்டுதான்.

விஷயம் இதுதான். கைப்பிள்ளைக்காரி காலையில் ஒரு தரமும் பிற்பகலில் ஒரு தரமும், காம்பராவில் மணி அடித்ததும் மலையிலிருந்து இறங்கிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். பேர் வெட்டி அன்றைய கூலியைக் குறைக்கமாட்டார்கள். நடைப்பிள்ளைக்குப் பால் மணி கிடையாது, மத்தியானம் ஒரு கோப்பை கஞ்சி. அதன் தாய் பொழுது சாயும்வரை மலையை விட்டு இறங்கக் கூடாது. லயத்தில் யாருக்கும் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. பெரிய மழைக்கு முந்திப் பிறந்தது, செடியைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் பிறந்தது என்றுதான் சொல்லுவார்கள். அதனால் நடந்தால் ஒரு வயது ஆனதாக வைத்துக்கொள் என்று கிளாக்கர் வடிவம்மாவுக்குச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், வடிவம்மாவுக்குப் பட்டாபிஷேகம் ஆன மாதிரி. எழுத்து ஒன்று தெரியாது. ஆனால் பலகையில் இருந்ததைக் கிளாக்கர் வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். பூசாரி மந்திரம் சொல்லுவதுபோல மூச்சு விடாமல் சொல்லுவாள். சட்டத்துக்கு ஒரு பரீட்சையையும் தானே கண்டுபிடித்தாள். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து வருகிற கித்துள் பனைக் கருப்பட்டியில் ஒரு துண்டை மடியில் வைத்திருப்பாள். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிற பிள்ளையைக் கண்டால், பெட்டியில் உட்கார்ந்தபடியே துண்டை உயர நீட்டி, வா ராசா, வா என்பாள். பிள்ளை கையை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்துவிட்டால் போதும். கருப்பட்டியைப் பிள்ளை வாயில் வைத்துவிட்டு, மலைக்குக் கேட்கும்படி இன்னாருடைய பிள்ளை நடந்துவிட்டது என்று கத்துவாள். அன்றோடு அந்தத் தாய்க்குப் பால் மணி இல்லை.

உலகத்தில் எங்கேயும் பிள்ளை முதல் அடி வைத்தால் தாய் சிரிப்பாள். எங்கள் தோட்டத்தில் கூடையோடு நின்றபடி அழுதார்கள். வடிவம்மாவுக்கு இதில் ஒரு காசு லாபம் கிடையாது. லாபத்துக்காகச் செய்திருந்தால்கூட எனக்கு அவளிடம் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

பகலெல்லாம் கட்டி நிற்கிற பால் பத்துப் பதினைந்து நாளில் வற்றிப்போகும். பிறகு பிள்ளைக்கு அந்தக் கஞ்சிதான் கதி. புழுத்த அரிசி, பாதி கல், மழைத் தண்ணீர். வயிற்றோட்டம் வரும், நிற்கும், மறுபடி வரும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு. ஜெயலெட்சுமி என்று ஓர் அக்கா, அவளுக்கு அடுத்து ஓர் அண்ணன். அக்கா நடந்து இரண்டு மாதத்தில் போனாள். நடக்க ஆரம்பித்த பிள்ளைக்குக் கண் படும் என்றுதான் லயத்தில் சொன்னார்கள். அம்மாவும் நம்பினாள். அண்ணனுக்குக் கறுப்புக் கயிறு கட்டினாள், கன்னத்தில் மை வைத்தாள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவனும் கருப்பட்டியைத் தின்றுவிட்டு, அடுத்த மழைக்குள் போய்விட்டான். அவனைத் தேயிலைக்குள் புதைத்துவிட்டு வந்த அன்று, கண்ணும் இல்லை மண்ணும் இல்லை என்று அம்மா சொன்னாள்.

என் அம்மாவின் பெயர் பாக்கியலெட்சுமி. கெட்டிக்காரி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. மூன்றாவதாக நான் பிறந்து, நடக்கிற காலம் வந்தபோது, அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். லயத்தில் நடக்கவிட்டாள். காம்பரா வாசற்படியில் இறக்கிவிடும்போது நான் நின்றால் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், கையை ஊன்றித் தவழ்ந்தால் தூக்கி மாரோடு அணைத்துப் பால் கொடுத்தாள். நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரிதான். கொஞ்ச நாளில் அந்தப் படியும் அந்தச் சுண்ணாம்புச் சுவரும் கண்ணில் பட்டாலே எனக்குக் கை தானாக மண்ணில் ஊன்றும்.

பக்கத்து லயத்து ராமலட்சுமி இதைக் கவனித்து, அம்மாவிடம் காதோடு காதாகக் கேட்டாள். அவளும் தன் மகனைப் பழக்கினாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. ஆம்பிளைகளுக்கு மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை, அப்பாவுக்குக்கூட. அவர்களுக்குத் தெரிந்தால் அன்று சாயந்தரமே சாராயக்கடைக்குத் தெரியும், மறுநாள் கங்காணிக்குத் தெரியும். வருஷம் திரும்புவதற்குள் எங்கள் காம்பராவில் நடைப்பிள்ளை என்று புதிதாக ஒன்றுகூட இல்லை. வாய் நிறையப் பல்லும் இடுப்பு நிறையச் சதையுமாகத் தடியன்கள் எல்லாரும் சிமெண்டுத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தோம்.

வடிவம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. கருப்பட்டியைக் கை வலிக்கிற மட்டும் நீட்டிப் பார்ப்பாள். பிள்ளைகள் கூட்டமாகத் தவழ்ந்து வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறப்பார்கள். இந்த மலைக் குளிரில் கால் சீக்கிரம் தரிக்காது என்று பெரியாயிக்கு விளக்கம் சொல்லுவாள். இன்னொரு நாள் தண்ணீரைக் குற்றம் சொல்லுவாள். தன் காம்பராப் பிள்ளைகள் அடக்கமானவை, தான் சொல்லாமல் ஒன்றுகூட எழுந்து நிற்காது என்று கங்காணியிடம் பெருமை அடித்துக்கொண்டாள். கஞ்சிப் பானைக்குப் பின்னால் பெரியாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ளுவாளாம். மூணு பெற்றவள், வருஷக்கணக்காகப் பிள்ளை பார்க்கிறவள், காலுக்குப் பலம் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தூக்கவேண்டுமே.

இப்படியே போயிருக்கும். கம்பெனியின் டாக்டர் குதிரையில் வந்து கெடுத்தார்.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களை எல்லாம் பார்த்துவிட்டுப் போகிற வெள்ளைக்காரர். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், நாங்கள் தவழ்ந்ததைப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்துவிட்டாராம். ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால் வரை கயிறு வைத்து அளந்தார். முழங்காலைத் தட்டினார். நாங்கள் அந்தக் கட்டிடத்துக்குள் சத்தியம் தவறாதவர்கள், ஒருவனும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இது எலும்பு மெலிகிற நோய், மலையில் வெயில் போதாததால் தோட்டம் முழுக்கப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் புதையல் எடுத்தவனின் சந்தோஷம் இருந்ததாகப் பெரியாயி சொல்லுவாள். மீனெண்ணெய் டின் அனுப்புவதாகவும், அடுத்த கிழமை திரும்ப வருவதாகவும், அன்றைக்கும் நடக்காத பிள்ளைகளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். தாய்மார் கூடப் போகக் கூடாது, அவர்களுக்குத்தான் மலையில் வேலை இருக்கிறதே.

லயத்தில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை. பால் குடிக்கிற பிள்ளையைத் தாயில்லாமல் ஆஸ்பத்திரியில் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் டாக்டர் சொல்லத் தேவையில்லை. பால் போனாலும் பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும் என்று பெண்கள் முடிவுசெய்தார்கள். மறுநாள் காலையில் வாசற்படியில் இறக்கிவிடும்போது, நட சாமி, நட என்று கெஞ்சினார்கள். மற்றப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சிறைக் கதவு திறந்தமாதிரி எழுந்து ஓடினார்கள். வடிவம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் எல்லாக் கால்களும் தரித்தது தன் கைராசியால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

நான் மட்டும் தவழ்ந்தேன். அம்மா படியில் நிறுத்துவாள், நான் உட்காருவேன். கெஞ்சினாள், அடித்தாள். அடித்தால் அழுதுகொண்டே தவழ்ந்தேன். அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் செய்தேன். அவளுக்கோ இரண்டு பக்கமும் பள்ளம். நான் நடந்தால் அக்காவும் அண்ணனும் போன வழி, நடக்காவிட்டால் ஆஸ்பத்திரி வண்டி. டாக்டர் வரும் நாளுக்கு முதல் நாள், பொழுது சாய்ந்ததும் கூடையைக்கூட இறக்கிவைக்காமல் அவள் வடிவம்மா குடியிருந்த லயத்து வாசலில் போய் நின்றாள்.

"கங்காணியம்மா, எம் பிள்ளை நடப்பான்."

"எங்க நடப்பான்?"

"பிள்ளைக்காம்பராவத் தவிர எல்லா எடத்துலயும்."

வடிவம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கிள்ளியது, பழக்கியது, மற்றப் பெண்கள் செய்தது. வடிவம்மாவுக்கு விளங்க நேரம் ஆயிற்று. விளங்கியதும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் தன்னைப் பற்றித்தான் கேட்டாள்.

"ஒரு வருசமா எல்லாருமாச் சேந்து என்னயக் கேனச்சியாக்கிட்டிங்களா?"

"ரெண்ட நடக்கவிட்டு ஒங்க கையில குடுத்தேன். ரெண்டும் தங்கல. இவன் நடந்தா பாலு போச்சு, நடக்கலேன்னா பிள்ளையே போச்சு. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

"அந்தச் சட்டத்த நானா எழுதுனேன்?"

"நீங்க எழுதல. கருப்பட்டிய நீட்டுனது நீங்கதான்."

வடிவம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அங்கேயே நின்றாள். நாளைக்கு எல்லாவற்றையும் டாக்டரிடம் போட்டுக்கொடுப்பாளா, கங்காணியிடம் சொல்லி எல்லாப் பெண்களின் பேரையும் வெட்டவைப்பாளா என்று தெரியவில்லை. கதவு திறக்காததால் திரும்பி வந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார், கூடவே கிளாக்கர். தாய்மார் உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். அம்மா காம்பராவுக்கு மேல்பக்கத்துத் தேயிலை நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கொழுந்தைக் கிள்ளுகிறமாதிரி காற்றைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். டாக்டர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட, ஒவ்வொன்றாக நடந்து காட்டியது. ராமலட்சுமியின் மகன் ஓடியே காட்டினான். மீனெண்ணெய்க்கு இப்படி ஒரு சக்தி இருப்பது தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்றாராம் டாக்டர். டின் மூலையில் இருந்தது. மூடியில் போட்ட ஈயம்கூட உடையவில்லை. கிளாக்கர் அதைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், ஆமாம் என்று தலையாட்டினார். படித்தவர் அல்லவா.

பிறகு என் முறை வந்தது. அளவு பார்த்தால் நான்தான் அங்கே பெரியவன். பெரியாயி என்னைத் தரையில் நிறுத்தினாள். நான் சம்பிரதாயப்படி கையை ஊன்றினேன். டாக்டர் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். தவழ்ந்து போய் அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதைக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் கிளாக்கரிடம் சொன்னார். கிளாக்கர் வடிவம்மா பக்கம் திரும்பி, தாயைக் கூப்பிடு, பிள்ளையின் உடுப்பை எடுத்துத் தரட்டும் என்றார்.

அப்போதுதான் வடிவம்மா தேயிலைப் பெட்டியை விட்டு எழுந்தாள். அவள் எழுந்தது பெரியாயிக்கே அதிசயம். வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது கைப்பிள்ளைங்க. இன்னும் வருசம் ஆகல."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். என் கால்கள் வடிவம்மாவின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. அவள் சொன்னதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்தார். நான் கடித்தேன். பல் எல்லாம் இருக்கிறதே என்று கையை உதறிக்கொண்டே கேட்டார்.

"எங்க சனத்துக்கு அப்பிடித்தாங்க. வெரசா மொளைக்கும்."

டாக்டர் யோசித்தார். சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். ஒரு வயதுக்கு உட்பட்டதை நடக்கச் சொல்லிப் பரிசோதிக்க அதில் இடம் இல்லை. அதோடு, கூலிகளுக்குப் பல் சீக்கிரம் முளைக்கிறது என்பது அவருக்குப் புதிய சங்கதி. தன் சட்டைப்பைக் காகிதத்தில் அதை ஆசையோடு குறித்துக்கொண்டார். இரண்டரை வயதுத் தடியனைப் பச்சிளங்குழவி என்று ஒரு டாக்டரும் ஒரு கிளாக்கரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது உலகத்திலேயே எங்கள் தோட்டத்தில்தான் நடந்திருக்கும். எத்தனை படித்தால் இவ்வளவு தெரியாமல் போகும் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

குதிரை வளைவைத் தாண்டி மறைந்ததும், வடிவம்மா என்னை இடுப்போடு வெளியே கொண்டுவந்து, படிக்கு அப்பால் மண்ணில் இறக்கிவிட்டாள். நான் எழுந்து, அம்மா நின்ற நிரையை நோக்கி ஓடினேன். வடிவம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் மணியை அடித்தாள். பால் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அம்மா இறங்கிவந்து காலில் விழப்போனபோது, வடிவம்மா விலகிக்கொண்டாள்.

"ஒம் பிள்ளைக்காகன்னு நெனச்சுக்கிறாத. ஒரு வருசம் ஏமாந்தவன்னு தோட்டமே என்னயப் பாத்துச் சிரிக்கும், அதுக்காகத்தான்."

நான் அதை அப்படியே நம்புகிறேன். மனசு இளகித்தான் செய்தாள் என்று சொல்லுகிற பெண்களும் இருந்தார்கள். சொல்லட்டும். இளகுகிற மனசு அக்கா விஷயத்தில் இளகியிருக்கலாம், அண்ணன் விஷயத்தில் இளகியிருக்கலாம். அன்று டாக்டருக்கு முன்னால் ஓடிக்காட்டிய ராமலட்சுமியின் மகனுக்குப் பால் மணி திரும்பக் கிடைக்கவில்லை. கிளாக்கர் கண்ணால் பார்த்து நடைப்பிள்ளை என்று எழுதியவனை மறுபடி கைப்பிள்ளையாக்க வடிவம்மாவுக்கும் துணிச்சல் இல்லை. அவன் அடுத்த மழையைத் தாண்டவில்லை. ராமலட்சுமி அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. நான் ஓடியாடுவதை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒன்று மாறியது. அதற்குப் பிறகு வடிவம்மா எந்தப் பிள்ளைக்கும் கருப்பட்டியை நீட்டவில்லை. தானே தின்றாள். பிள்ளைகள் அவள் முன்னால் நடந்தாலும் ஓடினாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பாள். இந்தப் பிள்ளை நடக்கிறதே என்று கங்காணி ஒரு தரம் கேட்டதற்கு, எந்தப் பிள்ளை என்று கேட்டாளாம். என் அம்மாவை மட்டும் அவள் மன்னிக்கவே இல்லை. ஒவ்வொரு பால் மணிக்கும் வாசலில் நின்று, கைப்பிள்ளைக்காரி பாக்கியம் வரலாம் என்று மலை முழுக்கக் கேட்கும்படி கூவுவாள். நிரையில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவருவாள். எனக்கு நாலு வயது ஆகி, நானே வெட்கப்பட்டு ஓடி ஒளிகிற வரைக்கும் அந்தக் கூவல் நிற்கவில்லை.

சண்டை முடிந்து, அரிசி கிடைக்காமல் இருந்த வருஷத்தில் அவள் படுத்துவிட்டாள். இரண்டு காலும் வீங்கி, பாயிலிருந்து வாசல் வரை கையை ஊன்றித்தான் நகருவாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். மொனராகலையிலிருந்து மகன் ஒருவனும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கு அரை வயிறு. ஆனாலும் அம்மா தன் பங்கில் பாதியை ஒரு சட்டியில் ஊற்றி, அவளிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் அப்போது மலையில் அரைப்பேருக்கு, அதாவது பாதிக் கூலிக்கு, புல் பிடுங்குகிறவன், வாய் வளர்ந்திருந்தது. அக்காவையும் அண்ணனையும் கொன்றவளுக்கு எதற்குக் கஞ்சி என்று கேட்டேன்.

அம்மா சட்டியை என் கையில் வைத்தாள்.

"ரெண்டு பேத்த நடக்கவெச்சுக் கொன்னா. ஒன்னையத் தவழவிட்டா. ரெண்டும் எனக்கு ஞாபகம் இருக்கு, நீ சொல்லித்தர வேணாம். ஆறிப்போகும், போ."

போனேன். வடிவம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் லயத்து ஓரமாக நடந்து வரும்போது, தூரத்திலிருந்தே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். உப்பு பத்தவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள்.